அலுவலகத் தாளும் அமானிதமே!



உங்கள் மகனோ மகளோ வங்கியில் பணிபுரியலாம். மேலதிகாரி அவசரமாக ஒரு கடிதம் கேட்கிறார். உடனே வாடிக்கையாளரின் கணக்கு விவரம் முழுவதையும் சாட்ஜிபிடியில் இட்டு, கடிதமாக்கித் தரும்படி கேட்கிறார்கள். நொடியில் கடிதம் தயார். ஆனால் அமானிதம் என்னவாயிற்று?

அவ்விவரம் அலுவலகத்தை விட்டு வேறொரு நிறுவனத்தின் கணிப்பொறிக்குச் சென்றுவிட்டது. அங்கே அது சேமிக்கப்படலாம்; அக்கருவியைப் பழக்கவும் பயன்படலாம். 2023இல் தென்கொரியாவின் சாம்சங் நிறுவனப் பொறியாளர்கள் சிலர் தம் மென்பொருள் நிரலை இவ்வாறு இட்டுவிட, அவ்வாண்டு மே மாதம் நிறுவனம் இத்தகைய கருவிகளுக்குத் தடை விதித்தது. நம் மத்திய நிதியமைச்சகமும் 2025 ஜனவரி 29 அன்று, ஆவணங்களின் இரகசியம் கருதி, அலுவலகக் கணிப்பொறிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைத் தவிர்க்கும்படி சுற்றறிக்கை அனுப்பியது.

மற்றோர் ஆபத்தும் உண்டு. இக்கருவி தெரியாததையும் தெரிந்ததுபோல் சொல்லும். 2023இல் நியூயார்க்கில், அது புனைந்து தந்த இல்லாத தீர்ப்புகளைச் சரிபாராமல் நீதிமன்றத்தில் சமர்ப்பித்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 2025 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம், தீர்ப்புக்கு இக்கருவிகளைப் பயன்படுத்தலாகாது என்று மாவட்ட நீதிமன்றங்களுக்குக் கொள்கை வகுத்தது.

திருவில்லிபுத்தூரை அடுத்த கூமாப்பட்டிக்கு 2025 ஜூனில் காணொளியை மட்டுமே நம்பி எத்தனை பேர் புறப்பட்டு வந்தார்கள்! கண்ணைக் கவர்வதெல்லாம் உண்மையாகிவிடுமா?

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் 58ஆம் வசனம் பணிக்கிறது. தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி அல்ஹுஜுராத் 6ஆம் வசனம் எச்சரிக்கிறது. இவ்விரு நோய்க்கும் மருந்து அங்கேயே இருக்கிறது.

ஊழியராயின், எக்கருவிக்கு அனுமதி உண்டென்று முதலில் நிர்வாகத்திடம் கேளுங்கள். பெயர், ஆதார் எண், கணக்கு எண், நோய் விவரம் ஆகியவற்றை ஒருபோதும் இடாதீர்கள். வந்த விடையின் எண்களையும் சட்டப் பிரிவுகளையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள். கையொப்பம் உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையதே.

கடை, ஜமாஅத், மதரசா நிர்வாகிகளே! எதை இடலாம், எதை இடக்கூடாது, யார் சரிபார்ப்பது என்பதை எழுதி வையுங்கள். ஜகாத் பெறுவோர் பட்டியலையும் நிக்காஹ் பதிவேட்டையும் அக்கருவியிடம் கொடுப்பது ஏழையின் மானத்தையும் குடும்பத்தின் இரகசியத்தையும் அந்நியரிடம் கொடுப்பதாகும். தனிநபர் விவரங்களைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க, 2023ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. மறுமையின் கேள்வியோ அதனினும் பெரிது.

கருவியைப் பயன்படுத்துங்கள், அமானிதத்தை விட்டுவிடாதீர்கள். வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் நம்பிக்கைக்குரியோராய் ஆக்கியருள்வானாக! ஆமீன்.