அரச கடிதம் இல்லாத ஆயர்

தாராவி, சுனாபட்டித் தமிழ்க் கத்தோலிக்கர்களையும் உள்ளடக்கிய மும்பை உயர்மறைமாவட்டத்தின் வரலாறு 1637இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ரோமில் மத்தேயுஸ் தெ காஸ்த்ரோ ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கோவாவின் திவார் தீவில் பிறந்த பிராமணர். இலத்தீன் வழிபாட்டு முறையில் ஆயரான முதல் இந்தியர். பீஜப்பூர் சுல்தானின் நாட்டுக்குத் திருத்தந்தையின் நேரடிப் பதிலாளராக வந்தார். கையில் திருத்தந்தையின் ஆணை இருந்தது, போர்த்துகீச மன்னரின் கடிதம் இல்லை. அவரை முடக்க அந்தக் குறை ஒன்றே போதுமானதாக இருந்தது. ஸ்பானிய அமெரிக்காவில் நடந்தது இதற்கு நேர்மாறு: அங்கே மன்னர் தேர்ந்தெடுத்தவர், ரோமின் ஆணை கப்பலேறி வருமுன்பே அரச கடிதத்தைக் காட்டி மறைமாவட்ட நிர்வாகத்தைக் கையிலெடுப்பது வழக்கம். குடியேற்ற நாடுகளில் ஆயரை ஆயராக்கியது யார் என்பதற்கு இந்த இரண்டையும்விடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

ஆயர்களை முன்மொழியும் 'பதுரவாதோ' என்ற அரச உரிமையைப் போர்ச்சுகலுக்கு வழங்கியவர்களே திருத்தந்தையர்தானே, கோவா அதிகாரிகள் சட்டப்படிதானே நடந்தார்கள் என்று கேட்கலாம். ஆனால் காஸ்த்ரோ தங்கிப் பணிசெய்த பிச்சோலிம் அன்று சுல்தானின் மண்; அங்கே போர்த்துகீசக் கொடி பறக்கவில்லை. போகட்டும், உரிமை கொண்டாடியவர்களால் கடமையையாவது செய்ய முடிந்ததா? 1640இல் போர்ச்சுகல் ஸ்பெயினிடமிருந்து பிரிந்தபின், புது மன்னர் முன்மொழிந்தவர்களை ரோம் உறுதிசெய்யவில்லை. மயிலாப்பூர் ஆசனம் பல பத்தாண்டுகள் ஆயரின்றிக் கிடந்தது. அப்படிப்பட்ட காலத்தில்தான் முறைப்படி திருநிலை பெற்ற ஓர் ஆயரைக் கோவா ஏற்க மறுத்தது. அவர் உருவாக்கிய குருக்களையும் பணிசெய்ய விடவில்லை.

அவர் சண்டைக்காரர், கோவாவைத் தாக்க எதிரிகளைத் தூண்டியவர் என்ற குற்றச்சாட்டு இன்னும் கனமானது. 1653இல் அவர் எழுதிய 'பிராமணர்களின் கண்ணாடி' ஆட்சியாளர்களைக் கடுமையாகச் சாடியது. சாதிப் பெருமையும் அதில் நிறையவே உண்டு. அவரை எல்லோருக்குமான விடுதலை வீரராக்குவது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் காலவரிசையைப் பாருங்கள்: கோவாவில் அவருக்குக் குருப்பட்டமே மறுக்கப்பட்டது, அதனால்தான் 1625இல் ரோம் போய்ச் சேர்ந்தார். வெள்ளையரல்லாத குருக்கள் வேண்டும் என்று வாதாடிய இங்கோலி, மறைபரப்புப் பணியைக் கவனித்த ரோமின் புரொப்பகாந்தா பேராயத்தின் செயலர், அவருக்கு வழிவிட்டார். கதவு அடைபட்டது முதலில், கோபம் வந்தது பிறகு. கடைசியில் ரோமுக்கே திரும்பி, 1677இல் அங்கே இறந்தார். அவருக்குப்பின் அப்பதவியை ஏற்ற குஸ்தோதியோ தெ பீனோவும் கோவாக்காரர்தான். பிறகு அப்பதவிக்கு ஐரோப்பியக் கார்மேல் துறவியர் வந்தனர். 1720இல் ஆங்கிலேயர் பம்பாய்த் தீவின் ஆலயங்களை அவர்களிடமே ஒப்படைத்தனர். வலேரியன் கிரேசியஸ் என்ற இந்தியர் பம்பாய்ப் பேராயரானது 1950இல்.