குதிரை மேல் ஒரு மிஸ்டர்!

ரேஸ் என்றால் நமக்குக் கிண்டி. கிண்டி என்றால், முதல் தேதி சம்பளக் கவரோடு போய் வெறும் கவரோடு திரும்பி வந்த ஒரு பெரியப்பா. (வீட்டுக்கு ஒருத்தர் கட்டாயம் இருப்பார்!) ஆக மொத்தம் ரேஸ் என்றால் பணம். அந்தப் பணத்தையெல்லாம் முதுகில் சுமந்துகொண்டு ஓடுகிற குதிரையைப் பற்றியோ, அதன் மேல் தொற்றிக்கொண்டிருக்கும் ஆசாமியைப் பற்றியோ நாம் அதிகம் கவலைப்பட்டதில்லை.

இத்தனைக்கும், குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டம் இல்லை, திறமை விளையாட்டு என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னதே நம் மெட்ராஸ் ரேஸ் கிளப் சம்பந்தப்பட்ட வழக்கில்தான். குதிரையின் திறமை, டிரெயினரின் திறமை, ஜாக்கியின் திறமை. சரி ஸார், அந்த ஜாக்கிக்கு ரேஸ் தொழிலே இல்லை, வாரம் முழுக்க வேறு உத்தியோகம் பார்க்கிறார், சவாரிக்கு நயா பைசா வாங்குவதில்லை என்றால்? அவரையும் முழுநேர ஜாக்கிகளோடு சேர்த்து ஓட விடலாமா?

இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் விடுகிறார்கள். அங்கே பல வருஷமாக இது ஒரு தீராத பஞ்சாயத்து.

காசு வாங்காதவருக்கு மரியாதை

அவர்களுக்கு 'அமெச்சூர் ஜாக்கி' என்று பெயர். ரேஸ் கார்டைப் பார்த்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். கூலி வாங்கும் ஜாக்கிக்கு வெறும் பெயர் மட்டும். கூலி வாங்காதவருக்கு முன்னால் ஒரு 'மிஸ்டர்'! பண்ணையார் வீட்டுப் பிள்ளைகள் பொழுதுபோக்காகக் குதிரை ஏறிய காலத்து மிச்சம் அது. வேலை செய்து சம்பளம் வாங்குகிறவனுக்கு மரியாதை ஒரு மாற்றுக் குறைவு என்பது நம் ஆபீசில் மட்டும்தான் என்று நினைத்துக் கொண்டிருந்தேன்.

அயர்லாந்தில் இளம் குதிரைகளைப் பழக்குவதற்கென்று வேலி இல்லாத ஒரு வகை ரேஸ் உண்டு. பெரும்பாலும் அமெச்சூர்களே ஓட்டுவார்கள். அதற்குச் செல்லப் பெயர் 'பம்பர்'. சேணத்தில் சரியாக உட்காரத் தெரியாமல் தொம் தொம்மென்று குதித்துக்கொண்டே போவார்களாம், அதனால் வந்த பெயர் என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள்.

கிண்டல் இருக்கட்டும். நினைத்தவுடன் ஏறிவிட முடியாது. பெர்மிட் வேண்டும், அதற்குப் பயிற்சி வேண்டும். அமெச்சூர்களோடு மட்டும் ஓட்ட ஒரு பெர்மிட், வேலி தாண்டும் ரேஸ்களில் முழுநேர ஜாக்கிகளோடு மோத இன்னொரு பெர்மிட்.

ஒரு பிரபு, பல எலும்புகள்

லிவர்பூல் பக்கத்தில் ஐன்ட்ரீ என்ற இடத்தில் நடக்கும் கிராண்ட் நேஷனல்தான் இந்த வகை ரேஸ்களில் பெரியது. கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர், 30 வேலிகள். முன்பு 40 குதிரைகள் ஓடும். ஆபத்தைக் குறைக்க 2024 முதல் 34 ஆக்கிவிட்டார்கள்.

ஸ்பெயின் தேசத்து ஆல்புகர்கே பிரபுவுக்கு இந்த ரேஸின் மேல் தீராத மோகம். 1952-ல் முதல் முயற்சி. விழுந்தார். முதுகெலும்பில் விரிசலோடு ஆஸ்பத்திரியில் கண் விழித்தார். நாமாக இருந்தால் அன்றோடு கேரம் போர்டுக்கு மாறியிருப்போம். பிரபு திரும்பத் திரும்ப வந்தார், திரும்பத் திரும்ப உடைத்துக்கொண்டார். 1974-ல் நெரியோ என்ற குதிரையில் எட்டாவதாக முடித்ததுதான் அவருடைய உச்சம். 1976-ல் மறுபடியும் பயங்கரமாக அடிபட்டார். அதன் பிறகும் "அடுத்த வருஷம் வருகிறேன்" என்றாராம். "ஐயா சாமி, போதும்!" என்று லைசென்ஸையே மறுத்துவிட்டார்கள்.

'அமெச்சூர்' என்றாலே சிரிப்பதற்கு இந்தப் பிரபு ஒருவர் போதும். ஆனால் கணக்கு என்று வந்தால் இரண்டு பக்கமும் எழுத வேண்டும். (பி.காம். படித்த பாவம்!)

வரவுப் பக்கம்

1982-ல் கிரிட்டார் என்ற குதிரையில் கிராண்ட் நேஷனலை ஜெயித்த டிக் சாண்டர்ஸ் ஓர் அமெச்சூர். அப்போது அவருக்கு வயது 48. நேஷனலில் ஜெயித்தவர்களில் மிக மூத்தவர் இன்றும் அவர்தான். ஜெயித்த கையோடு ரிட்டயராகிவிட்டார். 1990-ல் மார்க்கஸ் ஆர்மிடேஜ் என்ற பத்திரிகையாளர், மிஸ்டர் ஃபிரிஸ்க் என்ற குதிரையில் 8 நிமிஷம் 47.8 விநாடியில் வந்து சேர்ந்தார். (குதிரைக்கும் மிஸ்டர், ஆளுக்கும் மிஸ்டர்!) ஒன்பது நிமிஷத்துக்குள் முடிந்த முதல் நேஷனல் அது.

அப்புறம் 32 வருஷம் அமெச்சூர் யாரும் ஜெயிக்கவில்லை. 2022-ல் சாம் வேலி-கோஹன் வந்தார். பல் ஆஸ்பத்திரிகள் நடத்திய பிசினஸ்காரர். வயது 39. இதுதான் என் கடைசி சவாரி என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு, 50-க்கு 1 என்று பந்தயக்காரர்கள் ஒதுக்கி வைத்திருந்த நோபிள் யேட்ஸ் குதிரையில் ஏறினார், ஜெயித்தார், இறங்கினார். சினிமாவில் வந்தால் நம்ப மாட்டோம்.

இது குருட்டு அதிர்ஷ்டமா என்றால், இல்லை. 2011-லேயே செல்ட்டன்ஹாம் கோல்டு கப் ஜெயித்தவர் அவர். ஐன்ட்ரீயின் அதே வேலிகள் மேல் வேறு பல ரேஸ்களை ஜெயித்தவர். சம்பளம்தான் இல்லையே ஒழிய சர்வீஸ் இருந்தது.

விஷயமே அங்கேதான் இருக்கிறது. வேலி நெருங்கும்போது இன்னும் எத்தனை எட்டு என்று கண் அளக்க வேண்டும். எட்டு தப்பாக இருந்தால் குதிரையைச் சுருக்கவோ நீட்டவோ வேண்டும். முன்னால் ஒன்று விழுந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று கண் இமைப்பதற்குள் முடிவெடுக்க வேண்டும். புத்தகத்தில் படித்து வராது. ஆயிரம் வேலி தாண்டினால்தான் வரும். முழுநேர ஜாக்கி ஒரு சீசனில் நூற்றுக்கணக்கான சவாரி செய்வார். சனிக்கிழமை சவாரிக்காரர் அதற்கு எங்கே போவார்?

பற்றுப் பக்கம்

செல்ட்டன்ஹாமில் நேஷனல் ஹன்ட் சேஸ் என்று ஒரு ரேஸ். 1860-ல் தொடங்கியது, அமெச்சூர்களுக்கென்றே நடந்து வந்தது. 2019-ல் 18 குதிரைகள் கிளம்பின. முடித்தவை நாலே நாலு! ஒரு குதிரை செத்தே போயிற்று. களைத்துத் தள்ளாடிய குதிரையை நிறுத்தாமல் ஓட்டினார்கள் என்று மூன்று ஜாக்கிகளுக்கு 8, 10, 12 நாள் என்று தடை விதித்தார்கள். அதில் 10 நாள் வாங்கியவருடைய தடை அப்பீலில் ரத்தானது. களைப்புக்கும் கொடுமைக்கும் நடுவே கோடு போடுவது அவ்வளவு சுலபமில்லை.

அமெச்சூரின் இடத்தில் நின்று பாருங்கள். முழுநேர ஜாக்கிக்கு நாளைக்கு வேறு ரேஸ், நாளை மறுநாள் இன்னொன்று. இவருக்கு செல்ட்டன்ஹாம் வாய்ப்பு வாழ்க்கையில் ஒரு முறைதான். இன்னும் இரண்டு வேலிதான் பாக்கி. மூன்றாவது இடம் கண்ணுக்குத் தெரிகிறது. காலரியில் ஊரே நின்று கத்துகிறது. கடிவாளத்தை இழுத்து "போதும்டா ராஜா" என்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? வாயில்லாத ஜீவன் 'முடியவில்லை' என்று சொல்லாது. அதைக் கேட்கத் தெரிந்தவன்தான் ஜாக்கி.

சவுக்கு விஷயமும் அப்படித்தான். நேஷனலில் ஜெயித்த வேலி-கோஹனுக்கே சவுக்கை அளவுக்கு மீறி வீசியதற்காக 9 நாள் தடை, 400 பவுண்டு அபராதம். ரிட்டயரானவரை சஸ்பெண்ட் செய்து என்ன புண்ணியம்? 2023-ல் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். வேலி தாண்டும் ரேஸில் ஏழு அடிக்கு மேல் கூடாது. அதற்கு மேல் நாலு அடி கூடினால் குதிரையே டிஸ்குவாலிஃபை. ஜாக்கி வீட்டுக்குப் போனாலும் ஜெயித்த கோப்பை கூடப் போகாது.

அந்த நேஷனல் ஹன்ட் சேஸையும் விடவில்லை. தூரத்தைக் குறைத்தார்கள், அனுபவம் இல்லாதவர்களை வடிகட்டினார்கள். கடைசியில் 2025 மார்ச்சில் முழுநேர ஜாக்கிகளுக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். அமெச்சூர் கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள்.

அடுத்த மாசமே ஒரு வேடிக்கை!

2025 ஏப்ரல் 5. கிராண்ட் நேஷனல். 33-க்கு 1 விலையில் ஓடிய நிக் ராக்கெட் ஜெயித்தது. மேலே இருந்தவர் பேட்ரிக் மல்லின்ஸ், அமெச்சூர்! டிரெயினர் அவருடைய அப்பா வில்லி மல்லின்ஸ். ஆறடிக்கு மேல் உயரம், அந்த உடம்பை ஜாக்கி எடைக்குள் அடக்குவது கஷ்டம். ஆனால் 2012-ல் மட்டும் 74 ரேஸ் ஜெயித்து, 1915 முதல் நின்ற அமெச்சூர் சாதனையை முறித்தவர். பெயருக்கு முன்னால் மிஸ்டர் இருந்தாலும் பிழைப்பு, மூச்சு எல்லாமே லாயம்தான்.

அதே ரேஸில் இன்னொன்றும் நடந்தது. செலப்ர் டாலன் என்ற 13 வயசுக் குதிரை ரேஸை முடிக்காமலே நிறுத்தப்பட்டு, கீழே சரிந்தது. சில நாளில் இறந்தும் போனது. தெம்பு தீர்ந்த குதிரையை நிறுத்தாமல் ஓட்டியதற்காக அதன் ஜாக்கிக்கு 10 நாள் தடை. அவர் அமெச்சூர் இல்லை. கூலி வாங்கும் முழுநேர ஜாக்கி!

ஒரே நாள், ஒரே ரேஸ். ஜெயித்தவர் அமெச்சூர், தடை வாங்கியவர் முழுநேரக்காரர். இப்போது சொல்லுங்கள், தரத்தை எதை வைத்து அளப்பது? சம்பளச் சீட்டை வைத்தா?

அமெச்சூரை ஒழி என்பதும் தப்பு, 'பாவம், ஆசைக்கு ஓட்டுகிறார்' என்று விட்டுக்கொடுப்பதும் தப்பு. எத்தனை வேலி தாண்டியிருக்கிறாய், எத்தனை முறை சரியான நேரத்தில் நிறுத்தியிருக்கிறாய் என்று கேட்டு, இரண்டு பேருக்கும் ஒரே அளவுகோலை வையுங்கள்.

அடுத்த தடவை டி.வி.யில் இந்த ரேஸ் வந்தால் ஜெயித்தவரை மட்டும் பார்க்காதீர்கள். கடைசியில் வருகிற நாலைந்து பேரைப் பாருங்கள். அதில் எவர் கடிவாளத்தை இழுத்து, வேலிக்கு முன்பே ஒதுங்கி, குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுக்கிறாரோ அவருக்கு ஒரு கைதட்டல் போடுங்கள். மிஸ்டரோ, வெறும் பெயரோ... குதிரைக்கு ரேஸ் கார்டு படிக்கத் தெரியாது.