உபயம்: ஒரு பஸ்காரர்

கோடிகளைக் கொட்டி ஊர் ஊராக நூலகம் எழுப்பிய ஆண்ட்ரூ கார்னகியைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வார ஆசாமி பஸ் ஓட்டிப் பிழைத்தவர். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகரை ஒட்டியிருக்கும் ஜான்ஸ் தீவுக்காரர். பெயர் ஈசா ஜென்கின்ஸ்.

1910-இல் பிறந்தவர். நாலாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றுபோனது. வளர்ந்ததும் தீவில் விளையும் காய்கறியை லாரியில் ஏற்றிப்போய் சார்ல்ஸ்டனில் விற்றார். அங்கே காய்கறி வியாபாரிகளில் பலர் கிரேக்கர்கள். அவர்களோடு பேரம் பேசுவதற்காகவே இரண்டு வருடம் கிரேக்க மொழி படித்தார் ஜென்கின்ஸ். மனிதரை எடைபோட இந்த ஒரு சேதி போதும் என்பேன்.

அப்போது தீவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி கிடையாது. சொந்தப் பிள்ளைகளையும் ஊரார் பிள்ளைகளையும் நகரத்துப் பள்ளிக்கு அழைத்துப்போக 1940களில் பஸ் வாங்கினார். சுருட்டு ஆலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்களும் அதே வண்டியில் ஏறினார்கள். அப்படி ஏறியவர்களில் ஒருவர் ஆலிஸ் வைன். படிக்கத் தெரியாது, ஆனால் ஓட்டுப் போட வேண்டும், வழி செய்யுங்கள் என்று ஜென்கின்ஸிடம் கேட்டார்.

வழி எளிதாக இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் ஏற வேண்டுமானால், பதிவு அதிகாரி முன்னால் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை வாசித்துக் காட்ட வேண்டும். 1895-இல் எழுதிய சட்டம் அது. 300 டாலர் மதிப்புள்ள சொத்துக்கு வரி கட்டியவருக்கு மட்டும் அந்த வாசிப்பிலிருந்து விலக்கு உண்டு. கறுப்பர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்த இந்த ஏற்பாடே பெருமளவு போதுமானதாக இருந்தது.

ஜென்கின்ஸ் அந்தச் சட்டப் பகுதிக்குப் பிரதிகள் எடுத்து பஸ்ஸில் கொடுத்தார். போகிற வழியெல்லாம் அதுதான் பேச்சு. ஆலிஸ் வைன் கேட்டுக் கேட்டே முழுவதையும் மனப்பாடம் செய்து, அதிகாரி முன்னால் கடகடவென்று ஒப்பித்துப் பதிவுச் சீட்டும் வாங்கிவிட்டார். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அவர் இன்னும் வாசிக்கக் கற்றிருக்கவில்லை. தீவு முழுவதையும் பஸ்ஸுக்குள் உட்காரவைத்து மனப்பாடம் செய்ய வைக்க முடியாது என்பது ஜென்கின்ஸுக்கும் தெரியும்.

1954-இல் ஆசிரியை செப்டிமா கிளார்க் அவரை டென்னசியில் இருந்த ஹைலேண்டர் மக்கள் பள்ளிக்கு அழைத்துப்போனார்; பெரியவர்களுக்குச் சமூகப் பணியில் பயிற்சி தந்த இடம். அங்கே அப்போது நடந்தது ஐக்கிய நாடுகள் சபையைப் பற்றிய பயிலரங்கம். உங்கள் ஊரில் என்ன பிரச்சினை என்று பேச்சு வந்தபோது, எங்கள் ஆட்களுக்கு ஓட்டுரிமை பெறும் அளவுக்கு எழுத்தறிவு வேண்டும், அதற்கு உதவுங்கள் என்று கேட்டார் ஜென்கின்ஸ்.

உதவப் பணம் இருந்தது. அது வந்த வழி சுவாரசியமானது. எமில் ஷ்வார்ஸ்ஹாப்ட் என்ற ஜெர்மானியர் அமெரிக்காவில் குடியேறி, சாராய வியாபாரத்தில் செல்வந்தராகி, 1950-இல் இறந்தார். தன்னை வாழவைத்த நாட்டில் குடிமை உணர்வு வளரவே தன் சொத்து செலவாக வேண்டும், அதுவும் தான் இறந்த 25 ஆண்டுகளுக்குள் முழுவதும் செலவாகிவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். அந்த அறக்கட்டளைதான் ஹைலேண்டருக்குக் கைகொடுத்தது. கலிபோர்னியாவில் மெக்சிகோ வம்சாவளியினரை வாக்காளர்களாக்கிய சமூக சேவை அமைப்புக்கும் அதன் பணம் போனது. பின்னாளில் விவசாயத் தொழிலாளர் தலைவரான சீசர் சாவேஸ் உருவானது அங்கேதான்.

பணம் இருந்தால் மட்டும் வகுப்பு நடந்துவிடாது. தீவில் அதற்கு முன்பே அரசு முதியோர் வகுப்பு நடத்திப் பார்த்திருந்தது. வளர்ந்த ஆண்களைக் குழந்தைகளின் பெஞ்சில் முழங்கால் முட்ட உட்காரவைத்து, குழந்தைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். யார்தான் நிற்கமாட்டார்கள்?

ஜென்கின்ஸ் முன்னின்று நடத்திய முற்போக்குக் கழகம், ஹைலேண்டர் தந்த 1,500 டாலர் வட்டியில்லாக் கடனில் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தை வாங்கியது. முன்பக்கம் கூட்டுறவு மளிகைக் கடை, பின்பக்கம் வகுப்பு. வெள்ளையர் கண்ணுக்கு அது வெறும் கடை. 1957 ஜனவரி 7 அன்று 14 பேரோடு முதல் வகுப்பு தொடங்கியது. பாடம் நடத்த வந்த பெர்னிஸ் ராபின்சன் ஆசிரியை அல்ல, அழகு நிலையம் நடத்தியவர். தெரிந்தேதான் அவரைப் பிடித்தார்கள். கறுப்பர் உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருந்ததற்காகச் செப்டிமா கிளார்க்கின் வேலை 1956-இல் பறிபோயிருந்தது. ராபின்சனின் வாடிக்கையாளர்கள் கறுப்பினப் பெண்கள். அவர் பிழைப்பில் கைவைக்க எந்த வெள்ளை முதலாளியும் இல்லை.

என்ன கற்க வேண்டும் என்று ராபின்சன் வந்தவர்களையே கேட்டார். கையெழுத்துப் போட வேண்டும், வெளியூர்ப் பிள்ளைகள் எழுதும் கடிதத்தை வாசிக்க வேண்டும், மணியார்டர் பாரம் நிரப்ப வேண்டும் என்றார்கள். அதுவே பாடத்திட்டமானது. பெயரை அட்டையில் எழுதிக் கொடுத்து, அதன்மேல் பென்சிலை ஓட்டி ஓட்டிக் கைக்குப் பழக்குவது செப்டிமாவின் முறை. ஏர் பிடித்துப் பழகிய கைகளில் பென்சில் ஒடியும்; எத்தனை ஒடிந்தாலும் பரவாயில்லை என்று அடுத்ததைக் கொடுப்பார்கள். அரசியல் சட்டம் அதற்கப்புறம்தான். குடிமைக் கல்வி என்றதும் முகவுரையிலிருந்து தொடங்குகிறவர்கள் இந்த வரிசையைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

பக்கத்துத் தீவுகளிலும் வகுப்புகள் முளைத்தன. 1961-இல் திட்டம் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்புக்குக் கைமாறி, தென் மாநிலங்கள் முழுக்கப் பரவியது. 1965-இன் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகு அங்கே எழுத்தறிவுச் சோதனையே இல்லாமல் போனது.

நம் ஊரில் டியூப் லைட்டில் எழுதுவதுபோல உபயதாரர் பெயர் எழுதுவதானால் இந்தக் கதையில் யார் பெயரை எழுதுவது? ஷ்வார்ஸ்ஹாப்டின் தயாளத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. சொத்தைக் காலக்கெடு வைத்துக் கரைக்கச் சொல்வதற்குத் தனி மனசு வேண்டும். ஆனால் அந்தப் பணம் எங்கே, எதற்கு வேண்டும் என்று சொல்ல ஜென்கின்ஸ் தேவைப்பட்டார். பஸ்ஸையும் நேரத்தையும் அவர் முன்பே கொடுத்துக்கொண்டிருந்தார். எந்த அறக்கட்டளையின் கணக்கிலும் அது ஏறவில்லை. அறக்கட்டளைகள் செய்ததை வைத்து நான் எடைபோடும் வரையில், திட்டத்தை மேலே தீட்டி ஆளைக் கீழே தேடுவதுதான் வழக்கம். இங்கே தேவை கீழேயிருந்து வந்தது.

அவர் அதோடு நிற்கவும் இல்லை. வங்கிகள் கடன் தர மறுத்தவர்களுக்காக 1966-இல் கடன் சங்கம் தொடங்கினார். அன்பு முன்னேற்றம் தரும், வெறுப்புக்குச் செலவு அதிகம் என்ற பொருளில் எழுதிய வாசகத்தோடு ஒரு ஃபோக்ஸ்வேகன் வேனில் சுற்றினார். அதன் பலகைகள் இன்று வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1972-இல் கார் விபத்தில் இறந்தார்.

செப்டிமா கிளார்க் 1916-இலேயே ஜான்ஸ் தீவில் ஆசிரியையாக இருந்தவர். வேலை போன பிறகு அவர் செய்தது தனிக் கதை. அது அடுத்த வாரம்.