கயிற்றுக்கு ஒரு கதை

செப்பும் பந்தும் என்றால் கேரளத்தில் வாழக்குன்னம் நம்பூதிரியைத்தான் சொல்வார்கள். நம் திருவனந்தபுரத்தில் 1996-இல் பூஜப்புரையில் மாயாஜாலப் பயிற்சிக்கூடம் நிறுவிய கோபிநாத் முதுகாடு, 2014-இல் கழக்கூட்டத்தில் மேஜிக் பிளானட் தொடங்கினார். வித்தையோடு சமூகச் செய்தியையும் சேர்த்துச் சொல்வது அவர் வழி.

ஓய்வுபெற்ற ரயில்வேக்காரனான எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: குட்டை, நடு, நெட்டை என மூன்று கயிறுகளைச் சமமாக்கிக் காட்டுவது. சும்மா காட்டினால் பிள்ளைகள் என் கையையே முறைக்கிறார்கள். ஆகவே பெயர் வைத்தேன். குட்டை 762 மில்லிமீட்டர் குறும்பாதை, நடு 1000 மீட்டர் பாதை, நெட்டை 1676 அகலப்பாதை.

செங்கோட்டை போக, கொல்லத்தில் மூட்டை முடிச்சோடு வண்டி மாறிய நாட்களைச் சொல்வேன். ஒரு தோளில் குழந்தை, ஒரு கையில் முறுக்கு டின். "1992-இல் ஒரே அகலத் திட்டம் வந்தது!" என்று கயிறுகளை இழுத்தால் மூன்றும் சமம். (சமமாவது நடுக்கயிற்றின் அளவுக்குத்தான். நல்லவேளை, பிள்ளைகள் அளவுநாடா கொண்டு வருவதில்லை.)

"உடனே மாத்திட்டாங்களா, தாத்தா?" என்றாள் ஒரு சிறுமி. செங்கோட்டைப் பாதை முழுவதும் அகலமானது 2018-இல்தான் என்றேன். பின்வரிசைப் பாட்டி ஒருவர் அதற்குள் ஆரியங்காவு மலையையும் கரிப்புகையையும் பற்றி ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.