ஒரு கை எழுப்பிய ஓசை

'ஒரு கை தட்டினால் ஓசை எழுமா?' என்று கேட்பது நம் வழக்கம். எழும் என்று காட்டினார் ஒரு பியானோக் கலைஞர்.

வியன்னாவில் 1887-ல் பிறந்த பால் விட்கன்ஸ்டைன், 1913-ல் அரங்கேற்றம் கண்டார். மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. போர்முனையில் குண்டடிபட்டு வலக்கையை இழந்தார், ரஷ்யரிடம் கைதியுமானார். சைபீரிய முகாமில் மரப்பெட்டியொன்றின் மேல் பியானோக் கட்டைகளைக் கரியால் வரைந்து, இடக்கையால் பயின்றார் என்பர். 1916-ல் மீண்டும் மேடை ஏறினார்.

இஃது எவ்வாறு இயன்றது? பியானோவில் கட்டையை அழுத்தினால் சிறு சுத்தியல் கம்பியைத் தட்டும். விரலை எடுத்ததும் கம்பளி ஒட்டிய தடுப்பு கம்பியின்மேல் அமர்ந்து அதிர்வை நிறுத்தும். கால்மிதியை அழுத்தினாலோ எல்லாத் தடுப்புகளும் விலகி நிற்க, ஒலி தொடரும். ஆகவே கீழ்ச்சுரத்தைத் தட்டிவிட்டு அதே கை மேலே தாவலாம். இடக்கையின் பெருவிரல் மேல்சுரப் பக்கம் அமைவதால், மெட்டை அவ்வலிய விரலே ஏற்கும்.

செல்வக் குடும்பத்தினரான அவர், பொருள் கொடுத்து இடக்கைக்கென்றே இசை எழுதச் செய்தார். பிரெஞ்சு இசைமேதை ராவெல் எழுதியது 1932-ல் வியன்னாவில் அரங்கேறியது. இசையைப் பொருள் வாங்கித் தந்தது உண்மையே. விரல்களின் பயிற்சியை விலைக்கு வாங்க இயலாதன்றோ!