பி-மதிப்பு சொல்வதும் சொல்லாததும்

"பி-மதிப்பு 0.014. ஆகவே இன்மைக் கருதுகோள் உண்மையாக இருக்க 1.4 விழுக்காடு வாய்ப்புதான் உண்டு."

மாணவர்களின் விடைத்தாளில் மட்டுமல்ல, ஆசிரியர்களாகிய நாம் எழுதும் செயலாய்வு அறிக்கைகளிலும் இப்படி ஒரு வரி வந்துவிடுகிறது. படிக்கச் சரியாகத்தான் தெரியும்; ஆனால் தவறு. ஏன் தவறு என்று புரிந்துவிட்டால், மரபுவழிச் சோதனைக்கும் பேய்ஸ் முறைக்கும் உள்ள வேறுபாடு பாதி புரிந்த மாதிரிதான்.

எட்டுக் கோப்பைத் தேநீர்

1920களில் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ரொனால்ட் ஃபிஷர் பணியாற்றினார். கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்று குடித்துப் பார்த்தே சொல்ல முடியும் என்றாராம் அங்கிருந்த ஆய்வாளர் மியூரியல் பிரிஸ்டல். இத்தகைய ஒரு சோதனையை ஃபிஷர் 1935இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார்.

மொத்தம் 8 கோப்பைகள். 4இல் பால் முதலில். 4இல் தேநீர் முதலில். வரிசையைக் குலுக்கல் முறையில் மாற்றிக் கொடுப்பார்கள். பால் முதலில் ஊற்றிய நான்கையும் பிரித்துக் காட்ட வேண்டும்.

இன்மைக் கருதுகோள் இதுதான்: "அவருக்கு அந்தத் திறன் இல்லை, வெறும் ஊகம்." 8இலிருந்து 4ஐத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உள்ளன. ஊகத்திலேயே நான்கும் சரியாக அமைய வாய்ப்பு 1/70, அதாவது 0.014. இது 0.05ஐவிடக் குறைவு. எனவே இன்மைக் கருதுகோளை நிராகரிக்கிறோம். நான்கில் மூன்று மட்டும் சரியாக இருந்தால்? மூன்றோ அதற்கு மேலோ சரியாக அமைய வாய்ப்பு 17/70, ஏறத்தாழ 0.24. அப்போது நிராகரிக்க முடியாது.

சறுக்கும் இடம்

மழை பெய்தால் வாசல் நனையும். சரி, வாசல் நனைந்திருக்கு. அதனால மழைதான் பெய்ததுன்னு சொல்லிட முடியுமா? யாராவது வாசல் தெளித்திருக்கலாமே!

பி-மதிப்பும் அப்படித்தான். "ஊகம் என்றால், இப்படி ஒரு முடிவு வர எவ்வளவு வாய்ப்பு?" என்பதற்கே அது விடை சொல்கிறது. "இப்படி ஒரு முடிவு வந்துவிட்டது, இது ஊகமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு?" என்பது தலைகீழான கேள்வி. அதற்குப் பி-மதிப்பில் விடை இல்லை.

பேய்ஸ் முறை

அந்தத் தலைகீழ்க் கேள்விக்குத்தான் பேய்ஸ் முறை விடை தேடுகிறது. தாமஸ் பேய்ஸ் ஓர் ஆங்கிலேயப் பாதிரியார். அவருடைய கட்டுரை, அவர் இறந்தபின் 1763இல் வெளியானது.

திறன் உள்ளவர் நான்கையும் தவறாமல் பிரிப்பார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வாய்ப்பு 1, ஊகிப்பவருக்கு 1/70. ஆக, சான்று திறனின் பக்கம் 70 மடங்கு சாய்கிறது. இதைச் சோதனைக்கு முன் நமக்கிருந்த நம்பிக்கையோடு பெருக்க வேண்டும்.

முன் நம்பிக்கை சரிபாதி (1:1) என்றால், பெருக்கியபின் 70:1. திறன் இருக்க வாய்ப்பு 70/71, ஏறத்தாழ 98.6%.

நூற்றில் ஒருவருக்கே இத்திறன் இருக்கும் (1:99) என்று நினைத்தால், 70:99. வாய்ப்பு ஏறத்தாழ 41%.

"குடிக்கவே மாட்டேன், மூடிய பெட்டியைப் பார்த்தே சொல்வேன்" என்கிறார் ஒருவர். ஆயிரத்தில் ஒன்று (1:999) என்று நம்பிக்கை வைத்தாலும், 70:999. வாய்ப்பு ஏறத்தாழ 6.5%தான்.

மூன்றிலும் பி-மதிப்பு அதே 0.014! முடிவை மாற்றியது முன் நம்பிக்கை.

எது சிறந்தது?

பேய்ஸ் முறையிலும் சிக்கல் உண்டு. முன் நம்பிக்கையை யார் முடிவு செய்வது? ஆளுக்கு ஆள் அது மாறும். அதனால் எந்த அடிப்படையில் அந்த எண்ணை எடுத்தோம் என்பதை அறிக்கையில் சொல்லியாக வேண்டும். மரபுவழிச் சோதனைக்கு அந்த எண் தேவையில்லை. ஆனால் 0.049க்கும் 0.051க்கும் நடுவே பெரிய மதில் இருப்பதாக நினைக்க வைத்துவிடும்.

தேர்வு எழுதுவோர் கவனத்திற்கு

பி-மதிப்பு பெரிதாக வந்தால் "இன்மைக் கருதுகோள் உண்மை" என்று எழுதாதீர்கள். "நிராகரிக்கப் போதிய சான்று இல்லை" என்று எழுதுங்கள்.

தொடக்கத்தில் பார்த்த வரியை இப்படித் திருத்தலாம்: "இன்மைக் கருதுகோள் உண்மை என்று கொண்டால், இத்தகைய அல்லது இதைவிடத் தீவிரமான முடிவு கிடைக்க வாய்ப்பு 0.014." வரி கொஞ்சம் நீளம்தான். ஆனாலும், வகுப்பில் இதைச் சுருக்காமல் முழுதாகவே சொல்லிக் கொடுப்போம்.