இருபத்தோர் இலக்க எண் ஒன்றின் வரலாறு

சதுரங்கப் பலகையின் கட்டங்களில் ஒன்று, இரண்டு, நான்கு என இரட்டித்து வைத்த தானிய மணிகளின் கதையைக் கேளாத மாணவர் இலர். அறுபத்து நான்கு கட்டங்களோடு இன்னும் மூன்று கட்டங்கள் சேர்ந்திருப்பின், மணிகளின் தொகை 147,573,952,589,676,412,927 ஆகும். 2இன் 67ஆம் வலுவில் ஒன்று குறைந்த எண் இதுவேயாம்.

ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாதது முதன்மை எண். ஏனையது சேர்த்தி எண். 2இன் வலுவொன்றில் ஒன்றைக் கழித்துப் பெறும் எண் முதன்மையாயின், அதிலிருந்து ஒரு பூரண எண்ணைப் பெறலாம் என யூக்கிளிட்டு நிறுவினார். 7இலிருந்து 28 பிறப்பது போல. 1644இல் பிரான்சியத் துறவியாகிய மெர்சென், 257 வரையுள்ள வலுக்களுள் பதினொன்றே முதன்மை எண்களைத் தருமென எழுதினார். அவற்றுள் 67உம் ஒன்று. வலுவின் சுட்டி முதன்மையாயிருத்தல் மட்டும் போதாது. சுட்டி 11 ஆயின் கிடைக்கும் 2047, 23ஐ 89ஆற் பெருக்கி வருவதன்றோ? ஆயினும் மெர்செனின் கூற்றை இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக எவரும் மறுத்திலர்.

1876இல் பிரான்சிய அறிஞர் லூக்கா, இவ்வெண் சேர்த்தியெனக் காட்டினார். வியப்பு யாதெனில், அவர் ஒரு காரணியையேனும் கண்டிலர். அவர் முறையைப் பின்னர் 1930இல் லேமர் எளிதாக்கினார். நான்கில் தொடங்கி, வர்க்கித்து இரண்டைக் கழித்து, ஆராயப்படும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் கொள்க. 31இற்கு 4, 14, 8, 0 என வரும். சுட்டி ஐந்தாதலின் மூன்று படிகள். இறுதியிற் பூச்சியம் வந்தமையால் 31 முதன்மை. 67இற்கோ அறுபத்தைந்து படிகள் நடந்தும் பூச்சியம் வருவதில்லை. எண் உடையும் என்பது தெளிவு. எங்கே உடையும் என்பதை இம்முறை சொல்லாது.

அதனைச் சொன்னவர் அமெரிக்கப் பேராசிரியர் கோல். 1903 ஒக்டோபர் 31இல் நியூயோர்க்கில் நிகழ்ந்த கணிதக் கழகக் கூட்டத்தில், அவர் வாய் திறவாது கரும்பலகையில் 193,707,721ஐ 761,838,257,287ஆற் பெருக்கிக் காட்டி அமர்ந்தார் என்பர். மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் சென்றன என்று அவர் சொன்னதாகவும் கதையுண்டு. கதை எவ்வாறாயினும் பெருக்கல் மெய். ஐயுறுவோர் தாமே பெருக்கிப் பார்க்கலாம்.

காரணி தேடுவோர் எல்லா எண்களையும் சோதிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முதன்மைக் காரணியும் 134இன் மடங்கிலும் ஒன்று கூடியதாய், எட்டால் வகுக்க ஒன்றையோ ஏழையோ மீதி தருவதாய் இருத்தல் வேண்டும். இவ்வளவு சுருக்கியும், கோல் கண்ட சிறிய காரணி 134இன் 14,45,580ஆம் மடங்கையடுத்தே நிற்கிறது! இன்று கணினி இதனை நொடியிற் காணும். ஆயின் நூற்றுக்கணக்கான இலக்கங்களுடைய எண்களில் அவ்வருமை நீங்கவில்லை. 1977இல் வகுக்கப்பட்ட ஆர்.எஸ்.ஏ. மறைகுறி முறை அதனையே காவலாகக் கொண்டது.

இரு முதன்மைகளின் பெருக்கமாதலின் இவ்வெண்ணுக்குத் தானொழிந்த வகுத்திகள் மூன்றே. அவற்றின் கூட்டுத்தொகை 762,031,965,009. எண்ணோடு ஒப்பிடின் இஃது மிகச் சிறிது. ஆதலின் இது குறை எண் என்னும் வகையைச் சாரும்.